ராமநாதபுரம் கடற்கரையை ஆட்டப் புத்தகமாக்குவது: மேசை ஆர்.பி.ஜி. பதிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, மண்டபம், ராமநாதபுரம் பக்கத்தில் பகடையும் பென்சிலுமாக உட்காரும் சிறு கூட்டங்களுக்காகத் தமிழில் ஒரு விதிப்புத்தகமும், நம் கடற்கரையைக் களமாகக் கொண்ட துணைநூல்களும் கொண்டுவரத் திட்டமிட்டு வருகிறோம். சேதி கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில். தாங்களே புத்தகம் போட நினைப்பவர்களுக்கும் உதவட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

மேசை ஆர்.பி.ஜி. என்றால் வீடியோ கேமா?

இல்லை. ஆர்.பி.ஜி. என்றால் ரோல்-பிளேயிங் கேம், பாத்திரமேற்று ஆடும் ஆட்டம். திரை கிடையாது. நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் மாஸ்டர், என்ன நடக்கிறது என்று அவர் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக நின்று "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை உருளும். அச்சில் இதைத் தொடங்கிவைத்தது 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு 1000 பிரதி. நம்மூர்க் கவிதைத் தொகுப்புக்காரர்கள் இதைக் கேட்டுத் தெம்படையலாம்.

விதிப்புத்தகம், செட்டிங் புத்தகம்: என்ன வித்தியாசம்?

எப்படித் தீர்ப்பது என்று சொல்வது விதிப்புத்தகம். எங்கே, யாரோடு, எதற்காக என்று சொல்வது செட்டிங் புத்தகம். ஆனால் பதிப்பாளர் முதலில் பார்க்கும் வித்தியாசம் வேறு: யார் வாங்குவார்கள்? ஐந்து பேர் ஆடும் மேசையில் விதிப்புத்தகத்தை ஐவரும் வாங்க வாய்ப்புண்டு. செட்டிங் புத்தகம் பெரும்பாலும் மாஸ்டர் ஒருவருக்குத்தான் வேண்டும். செட்டிங் புத்தகம் போன்ற துணைநூல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விதிப்புத்தகமான மூலநூலைவிடக் குறைவாகத்தான் போகும் என்று முதல் நாளே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டு மூன்று துணைநூலுக்கு ஒரே நேரத்தில் காகிதம் வாங்குபவர்கள் கட்டிலுக்கடியில் புத்தகக் கட்டோடு குடித்தனம் நடத்துவார்கள்.

எந்த விதி எந்தப் புத்தகத்தில் என்பதற்கு எங்கள் உரைகல் இதுதான்: எல்லா மேசையிலும், எல்லா ஆட்டத்திலும் தேவைப்படும் விதி மூலநூலுக்கு, ஓரிடத்தில் மட்டும் தேவைப்படுவது துணைநூலுக்கு. எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் "மூச்சு" என்று ஐந்து புள்ளி உண்டு. ஓடுபவர், துடுப்புப் போடுபவர், கூட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுப்பவர், எல்லோரும் அதிலிருந்துதான் செலவழிப்பார்கள். அது மூலநூலில் வரும். முத்துக்குளிப்பில் கல்லைக் கட்டி இறங்குபவருக்கு மேலே கயிறு பிடிப்பவர் யார் என்ற விதி துணைநூலுக்கு. கயிற்றை மச்சான் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று கடற்கரையில் சொல்வார்கள் அல்லவா, அதையே விதியாக்கினோம். மூழ்கியிருப்பவர் தன் மூச்சுப் புள்ளியை வெளியே சொல்லக் கூடாது. எப்போது இழுப்பது என்று கயிறு பிடிக்கும் ஆட்டக்காரரே முடிவு செய்ய வேண்டும். முந்தி இழுத்தால் சிப்பி போச்சு. பிந்தி இழுத்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

இரண்டையும் ஒரே புத்தகமாகப் போட்டால் என்ன?

போடலாம், இரண்டு வழியிலும் பெரிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. 1977-இல் வந்த டிராவலர் தனக்கென்று பெரிய உலகம் எதையும் விவரிக்காமல் விதிகளோடு இறங்கியது. அதன் பேரரசு பிறகு துணைநூல்களில் வளர்ந்தது. 1978-இல் கேயாசியம் கொண்டுவந்த ரூன்குவெஸ்ட் குளோராந்தா என்ற உலகத்தோடு பிறந்தது. அந்த விதிகளின் சாரத்தை மட்டும் பிழிந்து 1980-இல் அதே நிறுவனம் 16 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் போட்டது. அதன் மேல்தான் அடுத்த ஆண்டு கால் ஆஃப் கதுல்ஹு எழுந்தது. 1986-இல் வந்த கர்ப்ஸ், "எந்த உலகத்துக்கும் ஒரே விதி" என்று சொல்லி வரிசையாக உலகப் புத்தகங்களை அடுக்கியது.

எனக்கு அந்த 16 பக்கத்தின் மேல்தான் ஆசை. ஆனால் தமிழில் முதல்முறை வாங்குபவருக்கு வெறும் விதியைக் கையில் கொடுத்தால் அன்றைக்கு ராத்திரி அவரால் ஆட முடியாது. ஆகவே மூலநூலிலேயே ஒரு ஊர், ஒரு தீவு, ஒரு பருவம் வைக்கிறோம். மீதிக் கடற்கரை துணைநூலில்.

எத்தனை பக்கம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

நாங்கள் செய்வதில்லை, அச்சகம் செய்கிறது. டெம்மி அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 163 பக்கம் எழுதினால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் எழுத்தைச் சுருக்கிப் படிப்பவர் கண்ணைக் கெடுக்க வேண்டும். அதனால் எழுத உட்காரும் முன்பே ஃபாரம் பிரித்துவிடுகிறோம். மூலநூல் 10 ஃபாரம், 160 பக்கம்: அறிமுகம் 1, கதாபாத்திரம் உருவாக்குவது 2, விதிகள் 3, மாஸ்டருக்கான பகுதி 1, முதல் ஊர் 2, அட்டவணைகளும் பொருளடைவும் கேரக்டர் ஷீட்டும் (கதாபாத்திரத்தின் விவரம் குறிக்கும் தாள்) சேர்ந்து 1. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் டெம்மி பக்கத்தில் 200 முதல் 250 சொல்தான் உட்காரும். படமும் அட்டவணையும் போக எவ்வளவு எழுதலாம் என்று அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அந்தச் சொல் எண்ணிக்கையைத்தான் எழுதுபவரிடம் கொடுக்கிறோம்.

பொருளடைவை வெட்டச் சொல்லிப் பலர் யோசனை தருகிறார்கள். நாவலுக்கு அது வேண்டாம். ஆட்டத்தின் நடுவில் "நஞ்சு எந்தப் பக்கம்?" என்று நான்கு பேர் காத்திருக்கும்போது அது இல்லாத புத்தகத்தை மாஸ்டர் மறுபடி கையில் எடுக்க மாட்டார்.

துணைநூல் எத்தனை வரும்? 21 தீவுக்கும் புத்தகம் உண்டா?

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21. மண்டபம் தொகுதியில் 7, கீழக்கரையில் 7, வேம்பாரில் 3, தூத்துக்குடியில் 4. பட்டியலைப் பார்த்ததும் ஆளுக்கொரு தீவாகப் பிரித்து எழுதக் கை துறுதுறுக்கும். செய்யக் கூடாது.

1990-களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பதிப்பாளரான டி.எஸ்.ஆர். ஒரே விதிக்குப் பல உலகங்களை ஒரே சமயத்தில் விற்றது. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், ரேவன்லாஃப்ட், டார்க் சன், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட் என்று நீளும். ஒன்றை வாங்கியவர் மற்றதை வாங்கவில்லை. வாசகர் கூட்டம் தனித்தனியாகப் பிரிந்தது. எழுதும் செலவும் அச்சுச் செலவும் ஒவ்வொன்றுக்கும் முழுசாக ஆனது. நிறுவனம் நொடிக்க வேறு காரணங்களும் உண்டு. 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் அதை வாங்கியபோது உள்ளே கணக்குப் பார்த்தவர்கள் இந்தப் பிரிவினையையும் பெரிய காரணமாகச் சொன்னார்கள்.

எங்கள் திட்டம்: முதல் துணைநூல் மண்டபம் தொகுதியின் 7 தீவுகளும் எதிர்க்கரையும். இரண்டாவது கீழக்கரைத் துறைமுகம். முதலாவது செலவை எடுத்த பிறகுதான் இரண்டாவதற்கு ஓவியரிடம் பேசுவோம்.

செட்டிங் புத்தகத்தில் என்னதான் எழுதுவது? எங்கள் ஊர் வரலாற்றை முழுதாக எழுதித் தரட்டுமா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. எழுதித் தாருங்கள், படிக்கிறோம், அப்படியே அச்சேறாது.

தல வரலாறு படிப்பவருக்காக எழுதப்படுவது. செட்டிங் புத்தகமோ, எதிரே நான்கு பேர் "அப்புறம்?" என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் அவசரமாகப் புரட்டுவதற்காக எழுதப்படுவது. அதன் ஒவ்வொரு பத்தியும் ஆட்டக்காரர்கள் ஏதோ ஒன்றைத் தீர்மானிக்கும்படி செய்ய வேண்டும். சங்குவலசை என்ற கற்பனை ஊருக்கு எங்களிடம் வந்த முதல் வரைவு இப்படி இருந்தது:

"சங்குவலசை தொன்மை வாய்ந்த ஒரு மீனவ ஊர். இங்கு ஏறத்தாழ முந்நூறு குடும்பங்கள் வாழ்கின்றன. ஊரின் நடுவே அழகிய ஊரணி ஒன்று உள்ளது. மக்கள் விருந்தோம்பலில் சிறந்தவர்கள்."

பிழை எதுவும் இல்லை, ஆடுவதற்கும் எதுவும் இல்லை. திருத்திய பின்:

"சங்குவலசை ஊரணியில் தண்ணீர் இன்னும் பத்து நாளைக்குத்தான். சங்கு வியாபாரி, கடனுக்குக் கொடுத்த வள்ளத்தைத் திருப்பிக் கேட்கிறார். வள்ளம் தீவுக்குப் போனது, வரவில்லை. எடுத்துப் போனது யார் என்று ஊர்த்தலைவருக்குத் தெரியும். சொல்ல மாட்டார்; எடுத்தவர் அவருடைய மருமகன்."

ஏழெட்டுச் சொல்தான் கூடியிருக்கிறது. ஆனால் இதைப் படித்த மாஸ்டர் ஒரு மாலை முழுக்க ஆட்டம் நடத்தலாம்.

எதையெல்லாம் எழுதலாம் என்ற சரிபார்ப்புப் பட்டியல் வேண்டுமா? வெளியூர்ப் புத்தகங்களைத் தேடவே வேண்டாம். ஒரு நிலத்தின் கருப்பொருளாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் வரிசை போட்டிருக்கிறது. எங்கள் அத்தியாயத் தலைப்புகள் ஏறக்குறைய அதே வரிசைதான். யாழை மட்டும் "ராத்திரி காதில் விழுவது" என்று மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பக்கம். அதைத் தாண்டினால் வெட்டு.

இன்னொன்று, அட்டவணை. மண்டபத்தில் நின்றால் வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா; முதலாவது வடகடல், மற்றது தென்கடல். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் தணிந்திருக்கும். தென்மேற்குக் காற்று மாதங்களில் தலைகீழ். காற்று மாறினால் பிழைப்பு கரை மாறும். இதை விளக்கிப் பத்துப் பக்கம் எழுதலாம். நாங்கள் எழுதியது இரண்டு வரிசை, பன்னிரண்டு கட்டம் கொண்ட ஒரே அட்டவணை: எந்த மாதம் எந்தக் கடல் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது. புத்தகத்திலேயே அதிகம் புரட்டப்படும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

எந்தக் காலத்தில் நடக்கும் கதை?

ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் காலத்தை ஒட்டிய கற்பனைக் காலம். 17ஆம் நூற்றாண்டின் கடைசி, அடுத்ததன் தொடக்கம். கீழக்கரைக் கப்பல்கள், சீதக்காதியின் கொடை, உமறுப் புலவர், முத்துச் சலாபத்தின் (முத்துக்குளிப்பின்) மேல் கண் வைத்த டச்சுக்காரர்கள் என்று ஒரே கரையில் இத்தனை பேர் மோதும் காலம் வேறு கிடைக்காது.

பகடை எங்கே கிடைக்கும்? இருபது முகப் பகடை எங்கள் ஊரில் இல்லையே?

தேவையில்லை. லூடோ பெட்டியிலிருக்கும் ஆறு முகப் பகடை இரண்டு போதும். இரண்டையும் உருட்டிக் கூட்டுங்கள். 10-உம் அதற்கு மேலும் என்றால் நினைத்தது நடந்தது. 7 முதல் 9 என்றால் நடந்தது, ஆனால் ஒரு விலை உண்டு. 6-உம் அதற்குக் கீழும் என்றால் சிக்கல். 36 வாய்ப்பில் முழு வெற்றி 6, விலையோடு வெற்றி 15, சிக்கல் 15. திறமைக்கு 1 கூட்டினால் அது 10, 16, 10 என்று மாறும். 2 கூட்டினால் 15, 15, 6. ஒற்றை எண் கூடுவது மேசையில் நன்றாகவே தெரியும், அதனால் பெரிய கூட்டல் கழித்தல் வேண்டியதில்லை. இந்த மூன்று படி முறை 2010-க்குப் பிறகு பல ஆட்டங்களில் பரவியது, நாங்கள் கண்டுபிடித்ததல்ல.

தாயக்கட்டையில் ஆட முடியுமா என்று ஒரு பெரியம்மா கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு கட்டையிலும் 0, 1, 2, 3 என்று முகங்கள். 16 வாய்ப்பில் மூன்று விழுவதற்கு 4, தாயத்துக்கு 2, இரண்டும் வெறுமையாக விழுவதற்கு 1. அந்தக் கடைசியைப் பன்னிரண்டாக எண்ணும் வழக்கம் ஆட்டத்துக்கே அருமையாகப் பொருந்துகிறது: மிக அரிதாக விழும், விழுந்தால் கூரை அதிரும். மூலநூலின் கடைசிப் பக்கத்தில் தாயக்கட்டைக்கான மாற்று விதி உண்டு.

சோதனை ஆட்டம் அவசியமா? நாலு நண்பர்கள் ஆடிப் பார்த்தால் போதாதா?

நண்பர்கள் ஆடினால் நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். எழுத மறந்ததை வாயால் சொல்லிவிடுவீர்கள். ஆகவே முதல் சுற்று நண்பர்கள். இரண்டாம் சுற்று முன்பின் தெரியாதவர்கள், புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் உட்கார வேண்டும். பெரிய பதிப்பாளர்கள் இதை ஊரறியச் செய்கிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்புக்கு 2012-இலேயே பொதுச் சோதனை தொடங்கிவிட்டது, புத்தகம் வந்தது 2014-இல்.

கீழக்கரை மேசை ஒன்றில் நடந்தது. வரைவில் "எதிர்க்காற்றில் வள்ளம் செலுத்தினால் 2 கழிக்கவும்" என்று ஒரு விதி. பதினாறு வயதுப் பையன் ஒருவன் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தான் (அங்கே "காக்கா" என்றால் அண்ணன்).

"காக்கா, வாடை அடிக்கிறப்ப வடகடல்ல எவன் வள்ளம் எறக்குவான்? கரையோட தூக்கித் தென்கடலுக்குல்ல கொண்டு போவாங்க?"

மாஸ்டராக இருந்தவர், "சரிடா தம்பி, தூக்கு. எப்படித் தூக்குவ?" என்றார்.

"மாட்டு வண்டி வேணும். வண்டி யாருட்ட இருக்கு?"

அதற்கப்புறம் கடல் பக்கமே யாரும் போகவில்லை. வண்டிக்காரரிடம் பேரம், வழியில் பனங்காட்டுக்குச் சொந்தக்காரரோடு தகராறு, வள்ளத்தில் விரிசல். அந்தக் கழித்தல் விதி புத்தகத்திலிருந்து போய்விட்டது. அந்த இடத்தில் "வள்ளத்தைக் கரை மாற்றுதல்" என்று அரைப் பக்கம் வந்திருக்கிறது.

உண்மையான கோயில், தர்கா, தேவாலயம் வருமா? 1964 புயல்?

இடங்கள் வரும், பெயரோடும் மரியாதையோடும். அங்கே கொள்ளையடிக்கும் சாகசம் வராது. சாதிப் பெயரைக் கதாபாத்திர வகையாக வைக்க மாட்டோம், தொழிலைத்தான் வைப்போம்.

தனுஷ்கோடிப் புயலை வைத்துக் கதை கேட்டுப் பலர் எழுதுகிறார்கள். 1964 டிசம்பரில் பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலில் போனது. அவர்களின் குடும்பங்கள் இதே கரையில் இருக்கின்றன. பகடை உருட்ட அது இடமல்ல. எங்கள் கற்பனைக் காலத்திலும் புயல் வரும், ஆனால் அது பெயரில்லாத புயல்.

மேசையில் யாருக்காவது ஒரு காட்சி தாங்கவில்லை என்றால் காரணம் சொல்லாமல் நிறுத்தும் வழி வேண்டும். எக்ஸ் குறி போட்ட ஒரு அட்டையை நடுவில் வைத்து, தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிடுவது என்ற முறை பல நாடுகளில் பழக்கத்தில் இருக்கிறது. விதிப்புத்தகத்தின் முதல் ஃபாரத்திலேயே சேர்த்திருக்கிறோம்.

வேறொருவர் விதியை எடுத்து எழுதலாமா?

விதியின் கருத்துக்குக் காப்புரிமை இல்லை, அதை எழுதிய வாசகத்துக்கு உண்டு. கருத்து வேறு, வெளிப்பாடு வேறு என்பதை 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எனவே பத்தியைத் தமிழாக்கி ஒட்டாதீர்கள். முறையைப் புரிந்துகொண்டு உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

திறந்த உரிமத்தில் வந்தவற்றைச் சொல்லிவிட்டே எடுக்கலாம். 2023 ஜனவரியில், பழைய உரிமத்தை மாற்ற முயன்று வாசகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, விசார்ட்ஸ் நிறுவனம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. உரிய குறிப்பைப் போட்டால் தமிழில் மாற்றி விற்கவும் தடையில்லை. ஆட்டத்தின் பெயரும் சின்னமும் அதில் சேராது. வேறொருவர் உரிமத்தின் மேல் தொழிலைக் கட்டும்போது அவர் மனம் மாறினால் என்ன செய்வோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓவியருக்கு என்ன சொல்ல வேண்டும்?

"கடற்கரைக் கிராமம்" என்று மட்டும் சொன்னால் தென்னந்தோப்பு வந்துவிடும். இங்கே பனை. வள்ளமா, வத்தையா, தோணியா என்று படகின் வகையைச் சொல்லிப் பழைய படம் காட்டுங்கள். ராமநாதபுரம் என்றதும் நேரில் பார்த்துவிட்டு வந்தவர்களும் சீமைக்கருவேலத்தை வரைகிறார்கள். அது 19ஆம் நூற்றாண்டில்தான் இந்த நாட்டுக்கே வந்தது, சேதுபதி காலப் படத்தில் உடைமரம் இருக்கட்டும். மிளகாய் காயப்போடலாம். அது போர்ச்சுக்கீசியர் காலத்திலேயே இறங்கிவிட்டது.

வரைபடம் தனி வேலை, தனிக் கூலி. படம் வரைபவரையே கேட்டுச் சும்மா வாங்காதீர்கள்.

ஆஃப்செட்டா, பி.ஓ.டி.யா? ஜி.எஸ்.டி. உண்டா?

மூலநூலுக்கு ஆஃப்செட் (மொத்தமாக அச்சடிப்பது), துணைநூலுக்கு பி.ஓ.டி. (பிரின்ட் ஆன் டிமாண்ட்) என்பது எங்கள் முடிவு. குறைவாக விற்பதைக் கேட்கக் கேட்க அடிப்பதுதான் பாதுகாப்பு. பிரதிக்கு விலை கூடும், கட்டிலுக்கடி காலியாக இருக்கும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பகடையும் அட்டையும் சேர்த்துப் பெட்டியாகக் கட்டினால் விளையாட்டுப் பொருள் கணக்கில் போகலாம், ஆடிட்டரைக் கேளுங்கள். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம்.

எல்லாப் புத்தகமும் ஒரே நாளில் வருமா?

வராது. 2014-இல் அந்த ஐந்தாம் பதிப்பே ஆகஸ்டில் ஆட்டக்காரர் புத்தகம், செப்டம்பரில் அரக்கர் புத்தகம், டிசம்பரில் மாஸ்டர் புத்தகம் என்று இறங்கியது. பைசோ நிறுவனம் 2007-இலிருந்து ஒரு பெரிய சாகசத்தை மாதம் ஒரு புத்தகமாகச் சந்தாவில் அனுப்பி வாசகரைப் பிடித்து வைத்தது. அந்த வேகம் எங்களால் ஆகாது.

எங்கள் நாள்காட்டி மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளிக்கும் கோடை விடுமுறை. கடலைத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும் காலம் அது. சோதனை ஆட்டங்கள் அப்போது. மழைக்காலத்தில் திருத்தம், பக்கவடிவமைப்பு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு மூலநூல். முதல் துணைநூல் அடுத்த தடைக்காலம் முடிந்து.

அச்சான பிறகு தவறு கண்டுபிடித்தால்?

எழுதுங்கள். பக்க எண்ணோடு எழுதினால் புண்ணியம். திருத்தங்களை ஒரே தாளில் தொகுத்து இலவசமாகத் தருவோம்; அடுத்த அச்சில் உள்ளே சேரும். ஆட்டத்தைக் கெடுக்கும் தவறுகளை மட்டுமே திருத்துவோம். "இந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை" என்பது பிழையல்ல, உங்கள் மேசையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

தீவுகளின் பட்டியலில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இருக்கின்றனவே, அவை நீருக்குள் போய்விட்டனவே என்று ஏற்கனவே இருவர் எழுதிவிட்டார்கள். தெரியும். கதை நடக்கும் காலத்தில் அவை தண்ணீருக்கு மேலே இருக்கட்டும் என்று வைத்திருக்கிறோம். அவை வரும் துணைநூலில் அந்தப் பக்கங்களுக்கு அடியில் மட்டும் இன்றைய நிலையைச் சின்ன எழுத்தில் போடுவோம்.